நாய்க்கும் பூனைக்கும் வீட்டுச் சமையல்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் நாய்ச்சோறு என்றால் பெரும்பாலும் ராத்திரி மிஞ்சிய சோறும் குழம்பும்தான். பூனைக்கு அவித்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன். அதை விட்டுத் தனியாகச் சமைக்கவும், பிஸ்கட் சுடவும், கோழித்துண்டு காயவைக்கவும் தொடங்கினால் இரண்டே வாரத்தில் கேள்விகள் வரிசையில் நிற்கும்: பிஸ்கட் பூத்துவிட்டது, நாய்க்குப் பேதி, பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறது. கீழே உள்ளவை அறிகுறிவாரியாக எழுதியவை. உங்கள் சிக்கல் எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்ட வேண்டாம். பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் சட்டியைப் பிரியுங்கள்

வீட்டுச் சமையலிலிருந்து எடுத்துவைப்பதாக இருந்தால் வெங்காயம் விழுவதற்கு முன், உப்புக்கு முன், தாளிப்புக்கு முன் எடுக்க வேண்டும். "குழம்பைக் கழுவிவிட்டுத்தானே போடுகிறோம்" என்பார்கள். கழுவினால் காரம் போகும்; கறிக்குள் ஊறிய வெங்காயச் சாறு போகாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு அப்படியே இருக்கும். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், பூனைக்கு 5 கிராமே போதும். 4 கிலோ பூனைக்கு மூன்று, நான்கு சின்ன வெங்காயம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போக வேண்டும் என்றும் இல்லை, தினம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் அதே கேடுதான். பூண்டு இன்னும் வீரியம். கடையில் வாங்கும் கோழிச்சாறு கட்டியில் உப்போடு வெங்காயப் பொடியும் இருக்கும். 'கோழிதானே' என்று ஏமாற வேண்டாம்.

அடுத்தது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். அதற்குக் காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நம் சமையலறையில் அந்த அமிலம் நிறைந்த பொருள் புளிதான். புளி தின்ற நாய்களிலும் அதே சிறுநீரகச் சேதம் பதிவாகியிருக்கிறது. ஆகவே சாம்பார், ரசம், புளிக்குழம்பு, அசாம் பெடாஸ் (மலாய்ப் புளி மீன்குழம்பு) எதுவும் நாய்த்தட்டுக்குப் போகக்கூடாது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சாக்லேட்டும் கொக்கோ கலந்த மைலோவும் ஆகாது. மெக்கடேமியா கொட்டை நாய்க்கு ஆகாது. வெந்த எலும்பு ஊசியாக உடையும், எந்த எலும்பானாலும் சரி. சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங் கம், சில வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், பொட்டலத்துச் சிட்டையில் இ967 என்றும் எழுதியிருக்கும். நாய்க்கு அது அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும்.

அளவு: எதிலிருந்து தொடங்குவது

நடுத்தர நாட்டு நாய், 10 கிலோ, வளர்ந்தது, கருத்தடை செய்தது என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கிலோகலோரி போதும். அதற்கான ஒரு நாள் சட்டி: தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி 200 கிராம், கோழி ஈரல் 15 கிராம், முட்டை ஒன்று, அரிசி 50 கிராம் (குருணையும் ஆகும்), பரங்கிக்காய் 80 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு வேண்டாம். குழைய வேகவைத்து ஆறிய பிறகு முட்டை ஓட்டுப் பொடி மட்டமாக அரைத் தேக்கரண்டி கலக்க வேண்டும். இது சுமார் 570 கிலோகலோரி. மீதி 60 தின்பண்டத்துக்கு. தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி.

ஓட்டுப் பொடிக்கு: ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, உலர்த்தி, மிக்ஸியில் மாவு போல அரையுங்கள். விரலில் தேய்த்தால் நறநறக்கக்கூடாது. ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும்.

இந்தச் சட்டியை இடைக்கால உணவாக, அல்லது கடைத்தீவனத்தோடு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். இதையே ஆண்டுக்கணக்கில் தனி உணவாகப் போட்டால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறையும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013-இல் வெளியிட்டார்கள். தேவையான எல்லாச் சத்தும் இருந்தது 9 குறிப்பில் மட்டும்; அந்த ஒன்பதில் எட்டு கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. எனவே முழுநேரமாக வீட்டுச் சமையல் என்றால் மருத்துவரிடம் எடை சொல்லி வைட்டமின், தாதுப் பொடி கேட்டு வாங்குங்கள்.

"பிஸ்கட் மூன்றாம் நாளே பூத்துப்போகிறது"

அதிகம் வரும் புகார் இதுதான், காரணம் பெரும்பாலும் நம் காற்று. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பிஸ்கட்டை டப்பாவில் மூடினால் உள்ளீரம் வெளியே வந்து பூஞ்சைக்குப் பாய் விரித்துக்கொடுக்கும்.

முதலில் கலவை: சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசித்தது 200 கிராம், முட்டை ஒன்று, ஆட்டா மாவு 250 கிராம். கிழங்கைத் தண்ணீரில் போட்டு அவிக்காமல் ஆவியில் வேகவையுங்கள். பரங்கிக்காய் போட்டால் நீர் கூடும். துணியில் பிழிந்துவிட்டு, மாவு 30 கிராம் அதிகம் சேருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். சுமார் 60 வில்லைகள் வரும்.

பிறகு இரண்டு முறை சூடு. 160 டிகிரியில் 25 நிமிடம், அது வேகவைக்க. அடுத்து 100 டிகிரிக்கு இறக்கி, வில்லைகளைத் திருப்பிப்போட்டு ஒரு மணி நேரம், அது உலர்த்த. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிடுங்கள். மேசை அவனில் (மின்சார அடுப்பில்) பின்பக்கம் சூடு அதிகம் என்பதால் பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும். ஏர் ஃபிரையரில் காற்று வேகம் கூட என்பதால் இரண்டிலும் 10 டிகிரி குறையுங்கள்.

சோதனை: ஒன்றை எடுத்து நடுவில் ஒடியுங்கள். 'டக்' என்று உடைந்து, உடைந்த முகம் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். நடுவில் கறுத்த, ஒட்டும் கோடு தெரிந்தால் இன்னும் 20 நிமிடம். கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் மூட வேண்டும். வெளியே வைப்பது ஒரு வாரத்துக்கு. மிச்சம் ஐஸ் பெட்டியின் உறைபகுதிக்கு.

பூத்த பகுதியைக் கிள்ளிவிட்டுக் கொடுக்கலாமா? கூடாது. கண்ணுக்குத் தெரியும் பூ வேறு, உள்ளே ஓடிய வேர் வேறு. மாவிலும் வேர்க்கடலையிலும் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற ஈரல் நஞ்சைச் சுரக்கும். நாய் அதில் எளிதில் விழும்.

பிஸ்கட் உதிர்ந்துபோனால் அரிசி மாவு போட்டிருப்பீர்கள். அதில் பசைத்தன்மை கிடையாது. மூன்றில் ஒரு பங்கை மரவள்ளி மாவாக மாற்றி இன்னொரு முட்டை சேருங்கள். கல் போல இறுகினால் மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்திருப்பீர்கள். சேர்ந்து வந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும்.

"காய்ந்த கோழித்துண்டு நாறுகிறது"

தகரக் கூரையில் கருவாடு காயவைப்பது போலக் கோழியைக் காயவைத்தால் இப்படித்தான் ஆகும். கருவாடு கெடாமல் நிற்பதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல, உப்பு. அந்த உப்பை நாய்க்கும் பூனைக்கும் போட முடியாது. உப்பில்லாத கறி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிக்கு விருந்து; ஈயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நெஞ்சுக்கறி 500 கிராமை ஒரு மணி நேரம் உறையவைத்தால் அரை சென்டிமீட்டர் துண்டாகச் சீவ வரும். முதலில் ஆவியில் 10 நிமிடம், நடுப்பகுதி 74 டிகிரி எட்டும்வரை வேகவையுங்கள். அதன் பிறகே உலர்த்தல்: 70 டிகிரியில் 5, 6 மணி நேரம், அவன் அடுப்பின் கதவில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி ஈரம் வெளியேற வழிவிட்டு. பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். காய்ந்த கறியில் கிருமி சூட்டைத் தாக்குப்பிடிக்கும், ஈரக் கறியில் சாகும். அதனால்தான் வேகவைப்பது முதலில்.

வளைத்தால் துண்டு வெடிக்க வேண்டும், இரண்டாக ஒடிந்து விழக்கூடாது. வெடித்த இடத்தை நகத்தால் அழுத்துங்கள். பளபளப்பாக ஈரம் தெரிந்தால் திரும்ப உள்ளே. 500 கிராம் கறி ஏறக்குறைய 150 கிராமாக நிற்கும். 200 கிராமுக்கு மேல் நின்றால் காயவில்லை என்று அர்த்தம். தராசு மூக்கைவிட நம்பகமானது.

நெத்திலியைத் தின்பண்டமாகக் கொடுப்பவர்கள் அரை மணிக்கு ஒரு தண்ணீராக மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பிழிந்து, பிறகு உலர்த்துங்கள். உப்பு முழுதாகப் போகாது. பூனைக்கு நாளுக்கு ஒன்றிரண்டு போதும்.

"புதுச் சாப்பாடு போட்ட மறுநாளே பேதி"

ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு முக்கால் என்று ஒரு வாரம் இழுக்க வேண்டும். முறையாக மாற்றியும் பேதி என்றால் கொழுப்பைப் பாருங்கள்: கோழித்தோல், தேங்காய்ப்பால், ஆட்டுக்கொழுப்பு. அடுத்து ஈரல், மலிவு என்று ஈரலை அள்ளிப்போட்டால் கழியும். பசும்பாலும் கெட்டிப்பாலும் வளர்ந்த பூனை பலவற்றுக்குச் செரிக்காது. கிண்ணமும் ஒரு காரணம்: சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, வெயில் அடிக்கும் மத்தியானத்தில் ஒரு மணி நேரம். ஐஸ் பெட்டியில் மூன்று நாள்.

நாய் சுறுசுறுப்பாக இருந்தால் ஒரு நாள் கோழியும் குழைந்த சோறும் மட்டும், வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி பரங்கி மசியலோடு, சின்னச் சின்னதாக நாலு வேளை. குட்டி என்றாலோ, ரத்தம் கலந்து போனாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

தீபாவளிக்கு மறுநாள் வரும் வாந்தி தனி வகை. ஆட்டுக்கொழுப்பு, பொரித்த தோல் தின்ற நாய் முன்கால்களை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்று, வயிற்றைத் தொட விடாமல் முனகினால் கணையம் வீங்கியிருக்கலாம். அன்றே ஈப்போவுக்கு வண்டியை எடுங்கள். 30 கிலோமீட்டர்தான்.

மலம் வெள்ளையாக, சுண்ணாம்புபோல் உதிர்ந்து, முக்கினால்தான் வருகிறதா? எலும்போ ஓட்டுப் பொடியோ அதிகம்.

"பூனை தொடவே மாட்டேன் என்கிறது"

ஐஸ் பெட்டிக் குளிரோடு வைத்திருப்பீர்கள். பூனை வாயைவிட மூக்கை நம்பும் பிராணி. குளிர்ந்த கறியில் மணம் எழாது. கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தி, மணிக்கட்டில் வைத்தால் வெதுவெதுப்பு தெரியும் அளவுக்குச் சூடாக்குங்கள். பழைய தீவனத்தில் ஒரு தேக்கரண்டி மட்டும் கலந்து, இரண்டு மூன்று வாரம் எடுத்துக் கூட்டுங்கள். மஞ்சள்தூள் போட்டிருந்தால் நிறுத்துங்கள்; அது நம் கைப்பழக்கம், பூனைக்குத் தேவையில்லை.

பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாய் இரண்டு நாள் தாங்கும். பூனை, அதுவும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். 24 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் பழைய தீவனத்துக்குத் திரும்பி, மருத்துவரையும் கூப்பிடுங்கள்.

பூனை இருட்டில் முட்டிக்கொள்கிறது, கழுத்து தொங்குகிறது, தொட்டால் கத்துகிறது

மாதக்கணக்கில் தவறான உணவு போட்டதன் வெவ்வேறு முகங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கண்பார்வை மங்குவது, மூச்சு வாங்குவது: கறியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற அமினோ அமிலத்தின் குறைவு. பூனையால் தனக்கு வேண்டிய டாரினை உடம்புக்குள் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. இதயம் ஊதிப்போகும் நோய்க்கு டாரின் குறைவே காரணம் என்பதை 1987-இல் கால்நடை மருத்துவர் பால் பியோன் குழுவினர் அதே டேவிஸ் வளாகத்தில் நிறுவினார்கள். அதன் பிறகே தீவனங்களில் டாரின் அளவைக் கூட்டினார்கள். கறியை அவித்து நீரைக் கொட்டினால் டாரினும் அந்த நீரோடு போகும். தொடைக்கறி 100 கிராமும் கோழி இதயம் 20 கிராமும் சேர்த்து மூடியிட்டு 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து, இறங்கிய சாற்றையும் அதன் மேலேயே ஊற்றுங்கள். அரிசி வேண்டாம். இதுவும் வாரத்தில் ஓரிரு வேளைக்குத்தான்; மற்ற வேளைகளில் முழுச்சத்துப் பூனைத்தீவனம். புரட்டாசியில் வீடு சைவமாகலாம், பூனையால் ஆக முடியாது. பருப்பில் டாரின் கிடையாது.

கழுத்து தொங்கி, தள்ளாடி நடந்தால்: பச்சை மீன். பல மீன்களின் சதையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது சாகும். வலிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். பி1 ஊசி போட்டால் சீக்கிரம் தேறும்.

தொட்டால் கத்தி, காய்ச்சலும் இருந்தால்: தினம் எண்ணெய்ச் சத்துள்ள மீன் மட்டுமே தின்று, வைட்டமின் ஈ போதாமல் உடம்புக் கொழுப்பு அழன்றிருக்கலாம். மீனை வாரத்துக்கு இரண்டு வேளைக்குக் குறையுங்கள். கழுத்தும் முன்காலும் விறைத்திருந்தால் ஈரல் போட்டது எவ்வளவு என்று திரும்பிப் பாருங்கள். வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு ஒட்டிப்போகும் நோய் அது.

ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் சிறுநீர் வரவில்லையா? சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம். அடைப்பு ஓரிரு நாளில் கொல்லும்.

"குட்டி நொண்டுகிறது, அடிபடவும் இல்லை"

வெறும் கோழிக்கறியோ வெறும் மீனோ தின்று வளரும் குட்டியா? கறியில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். ரத்தத்தில் அளவு இறங்காமல் இருக்க உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். மேசையிலிருந்து குதித்தாலே கால் முறியும். ஓட்டுப் பொடியை இப்போது அள்ளிக்கொட்டினாலும் தப்பு, பெரிய ஜாதி நாய்க்குட்டிக்கு மிகையும் எலும்பைக் கெடுக்கும். குட்டிகளுக்கு வீட்டுச் சமையல் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. வளரும்வரை குட்டித் தீவனம், வீட்டுப் பண்டம் ஒரு சிட்டிகை.

ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது

மேலுதட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் ஈறை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அழுத்துவதற்கு முன்பே காகிதம் போல் இருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது.

வெங்காயம், பூண்டு சில நாள் கழித்தே காட்டிக்கொடுக்கும்; கடந்த ஒரு வாரத்துச் சாப்பாட்டை நினைவுபடுத்துங்கள். ஆனால் தோட்டப் பக்கத்தில் சமையலை மட்டும் குற்றஞ்சாட்டக்கூடாது. உண்ணி கடித்துப் பரவும் ரத்தக் கிருமிகளான பேபிசியாவும் எர்லிக்கியாவும் ஈறை வெளுக்கவைக்கும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடுங்கள். செம்பனை மரத்தடியில் வைக்கும் மெழுகு எலிமருந்துக் கட்டியை, அல்லது அதைத் தின்று செத்த எலியை, நாய் தின்றிருக்கலாம். அந்த மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும். மூக்கிலோ மலத்திலோ ரத்தம், தோலடியில் நீலம் தெரிவதற்கு இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம். அதற்கு மாற்று வைட்டமின் கே1, மருத்துவர் கையில் இருக்கிறது. மூன்றில் எதுவானாலும் அன்றே போக வேண்டும்.

"கொஞ்சம்தான் போடுகிறோம், ஆனாலும் குண்டாகிறது"

தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு நாய்க்கு நாலு வீடு. காலையில் ரொட்டி சானாய் (பரோட்டா) ஓரம் ஒரு வீட்டில், மத்தியானம் கோழித்தோல் இன்னொரு வீட்டில். எல்லாரும் கொஞ்சம்தான் போடுகிறார்கள்.

மேலே சொன்ன பிஸ்கட் ஒன்று சுமார் 18 கிலோகலோரி. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு மூன்று, அவ்வளவுதான். காய்ந்த கோழித்துண்டு என்றால் 15 கிராம். 4 கிலோ பூனைக்கு 6 கிராம். காலையில் அன்றைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். பிள்ளைகள் அதிலிருந்து மட்டும் கொடுக்கட்டும், தீர்ந்தால் தீர்ந்தது. வில்லையை நாலாக ஒடித்தாலும் நாய்க்கு அது நாலு பரிசு.

சொறிந்துகொண்டே இருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சி. அது இல்லை என்றான பிறகு இதுவரை தின்னாத ஒரே கறி, ஒரே மாவுப்பொருள், எட்டு வாரம், இடையில் பிஸ்கட்கூடக் கிடையாது. அந்த எட்டு வாரமும் நாலு வீட்டுக்கும் சொல்லிவைக்காவிட்டால் பயனில்லை.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி: மாவுப் பண்டம் எதுவும் வேண்டாம், புல்தான் அதன் சாப்பாடு. தோட்டப் பாதையோரம் அறுக்காதீர்கள், களைக்கொல்லி அடித்த புல் முதல் சில நாள் பச்சையாகவேதான் நிற்கும்.

மருத்துவரிடம் போகும்போது கையில் எடுக்க வேண்டியவை

கடந்த ஏழு நாளில் கொடுத்த ஒவ்வொன்றும், கிராம் கணக்கோடு, ஒரு தாளில். பக்கத்து வீட்டார் போட்டதும் அதில் வர வேண்டும். கடைப் பொருளானால் சிட்டையின் படம். மலமோ வாந்தியோ இருந்தால் ஒரு கரண்டி, மூடிய பையில். எலிமருந்துச் சந்தேகம் என்றால் கட்டியின் உறை. தோட்ட அலுவலகத்தில் கேட்டால் எந்த மருந்து வைத்தார்கள் என்பது தெரியும். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே தனி விஷம்.